பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: மாக் வைத்த சி டெஸ்ட் ஏன் விழுகிறது?

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 20.04 பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2025 மே மாதத்தோடு நின்றது. அதில் டெஸ்ட் ஓட்டிவந்தவர்கள் 24.04-க்கு மாறும்போது அடிக்கடி எதிர்கொள்ளும் காட்சி இது: சி நிரலில் ஒரு வரி கூட மாறவில்லை, ஆண்டுக்கணக்கில் பச்சை காட்டிய யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒரு சிறு பகுதியை மட்டும் சோதிப்பது), 139 என்ற எண்ணைக் காட்டிவிட்டுப் பாதியில் விழுகிறது. மாக்கை, அதாவது அசல் ஃபங்ஷனுக்குப் பதிலாக வைத்த பொய் ஃபங்ஷனை, எடுத்துவிட்டால் விழுவதில்லை. எனவே மாக் நூலகத்தில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதன் பதிப்பை மாற்றிப் பார்ப்பதிலேயே ஒரு நாள் போய்விடுகிறது. நூலகம் குற்றவாளியாக இருப்பது அரிது. எங்கே தேட வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கட்டுரை முழுவதற்கும் ஒரே உதாரணம் போதும். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் மின்தூக்கியை இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நிரல் சி-யில் எழுதப்பட்டது. கதவு மூடியிருக்கிறதா என்று கேட்கும், எடையை அளக்கும், மோட்டாரை ஓட்டும், ஆபத்து என்றால் எல்லாவற்றையும் நிறுத்தும். ‘எடை மிகுந்தால் மோட்டார் ஓடக்கூடாது’ என்பதைச் சோதிக்க, எட்டாம் மாடிப் பாட்டியைக் காக்கவைத்து உண்மையான மின்தூக்கியில் மூட்டை ஏற்ற முடியாது. எனவே எடையளக்கும் ஃபங்ஷனுக்குப் பதிலாக, நாம் சொல்லும் எண்ணைத் திருப்பித் தரும் பொய் ஃபங்ஷன் ஒன்றை வைக்கிறோம். அதுதான் மாக். தமிழில் ஆள்மாறாட்டம் என்றால் பொருத்தமாக இருக்கும்.

ஆள்மாறாட்டம் செய்யும் வழிகள்

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபங்ஷனை மாற்றும் வசதி சி மொழியில் இல்லை. அதனால் நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன.

1. ஃபங்ஷன் பாயிண்டர். நிரல் நேராக அழைக்காமல், நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியான பாயிண்டர் வழியாக அழைக்கும். டெஸ்ட் அந்தப் பாயிண்டரை மாற்றிவைக்கும். நான்கில் இதுவே பாதுகாப்பானது, ஏனென்றால் வகை பொருந்தவில்லை என்றால் கம்பைலர் குறை சொல்லும்.

2. லிங்க் நேரத்தில், அதாவது தனித்தனியே கம்பைல் ஆன கோப்புகளை லிங்கர் ஒன்றாக இணைக்கும்போது, மாற்றுவது. அசல் கோப்பைச் சேர்க்காமல், அதே பெயரில் பொய் ஃபங்ஷன் உள்ள கோப்பைச் சேர்ப்பது. ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ள ஹெடரைப் படித்துப் பொய் ஃபங்ஷன்களைத் தானே உருவாக்கித் தரும் சிமாக் கருவியும் இந்த வழியில்தான் போகிறது.

3. குனூ லிங்கரின் ‘ரேப்’ வசதி. ஒரு பெயரைக் கொடுத்தால், அதற்கு வரும் அழைப்புகளை எல்லாம் ‘ரேப்’ என்ற முன்னொட்டு சேர்ந்த பெயருக்குத் திருப்பிவிடும். அசல் வேண்டுமென்றால் ‘ரியல்’ என்ற முன்னொட்டோடு அழைக்கலாம். கூகுளின் சிமாக்கரியிலிருந்து கிளைத்த சிமாக்கா என்ற டெஸ்ட் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் இதையே நாடுகிறார்கள். மேக்புக்கில் வரும் ஆப்பிள் லிங்கரில் இந்த வசதி இல்லை. ‘என் மடிக்கணினியில் மட்டும் வேலை செய்யவில்லை’ என்ற புலம்பல் சிலவற்றுக்குக் காரணம் அவ்வளவுதான்.

4. நிரல் தொடங்கும்போது வேறொரு நூலகத்தை முன்கூட்டியே ஏற்றி, பெயர்களைக் கவர்ந்துகொள்வது.

தபால்காரருக்கு வீட்டு எண் போதும்

பின்னால் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைப்பவை. கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டுமே பார்க்கும். ஹெடரில் ‘இந்த ஃபங்ஷன் இரண்டு எண் வாங்கி ஒரு பாயிண்டர் தரும்’ என்று இருந்தால் அதை நம்பி அழைப்பை எழுதிவிடும். பிறகு வரும் லிங்கருக்கு அந்த விவரம் எதுவும் தெரியாது. அதன் கையில் இருப்பது பெயர் மட்டும். தபால்காரர் புளோக் எண்ணையும் வீட்டு எண்ணையும் பார்த்துப் பெட்டியில் கடிதத்தைப் போடுகிறார். உள்ளே யார் குடியிருக்கிறார் என்று கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை. சி++ மொழியில் அளபுருக்களின் (ஃபங்ஷன் வாங்கும் மதிப்புகளின்) வகையும் பெயரோடு ஒட்டிப் போகும், ஆகவே அளபுரு மாறினால் லிங்கரே மறுத்துவிடும். சி-யில் அது இல்லை.

ஆக, அசல் ஃபங்ஷன் அழைப்பவருக்குக் கொடுத்திருந்த வாக்குறுதிகள் பல: எத்தனை அளபுரு, என்ன வகை, திரும்பி வருமா வராதா, தரும் நினைவகம் யாருக்குச் சொந்தம். மாக் இவற்றில் ஒன்றை மீறினாலும் தட்டிக் கேட்க ஆளில்லை. மீறல் மாக்கில் நடக்கும்; நிரல் விழுவதோ வேறெங்கோ. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதற்கென்றே சொன்னது போல இருக்கும்.

முதல் கேள்வி: உண்மையில் யார் அழைக்கப்பட்டார்?

மாக் தவறு செய்தது என்று கருதும் முன், மாக் அழைக்கப்பட்டதா என்று பாருங்கள். பிழைதேடும் கருவியான ஜிடிபியில், அதன் முதல் வரியில் பிரேக்பாயிண்ட் (நிரல் நிற்க வேண்டிய இடம்) வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அழைக்கப்படாமல் போவதற்கு வலுவான காரணங்கள் உண்டு.

1. அழைப்பவரும் அழைக்கப்படுபவரும் ஒரே கோப்பில் இருப்பது. லிங்கரின் ‘ரேப்’, அந்தக் கோப்பில் வரையறுக்கப்படாத பெயர்களை மட்டுமே திருப்பும். எடையளக்கும் ஃபங்ஷனும் அதை அழைக்கும் ஃபங்ஷனும் ஒரே கோப்பில் இருந்தால் அழைப்பு நேராக அசலுக்கே போகும். கோப்பைப் பிரிப்பதே நேர்வழி. அசலுக்கு ‘வீக்’ என்ற அடையாளம் இட்டு, டெஸ்ட் கோப்பில் அதே பெயரில் வேறொன்றை எழுதுவது அடுத்த வழி.

2. கம்பைலர் வேறு ஃபங்ஷனைத் தேர்ந்தெடுப்பது. வெறும் சொற்றொடரும் வரிமுடிவும் மட்டுமே உள்ள பிரிண்ட்எஃப் அழைப்பை ஜிசிசி கம்பைலர் புட்ஸ் அழைப்பாக மாற்றிவிடும். நீங்கள் பிரிண்ட்எஃபுக்கு மாக் வைத்துக்கொண்டு காத்திருப்பீர்கள். ‘எஃப்-நோ-பில்டின்’ என்ற ஆப்ஷன் இதைத் தடுக்கும்.

3. பாதுகாப்புக்காகப் பெயர் மாறுவது. உகப்பாக்கத்தோடு (நிரலை வேகமாக்கும் மாற்றங்களோடு) கம்பைல் செய்தால் உபுண்டுவின் ஜிசிசி, ‘ஃபோர்ட்டிஃபை’ சோதனையைத் தானாகவே சேர்க்கும். பிரிண்ட்எஃப் போன்றவை ‘செக்’ என்ற பின்னொட்டு உள்ள பெயர்களாகிவிடும். டீபக் பில்டில் டெஸ்ட் தேறி, ரிலீஸ் பில்டில் விழும் புதிர்களில் இதுவும் ஒன்று.

4. லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியின் பதிப்பு மாறுவது. தொடக்கத்தில் சொன்ன உபுண்டு மாற்றத்தில் அடிபடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உபுண்டு 20.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.31, 24.04-இல் 2.39. கோப்பின் விவரம் தரும் ‘ஸ்டாட்’, 2.33 பதிப்புக்கு முன்பு ‘எக்ஸ்-ஸ்டாட்’ என்ற உள்பெயரில்தான் அழைக்கப்பட்டது. அதைக் கண்டுபிடித்து அந்த உள்பெயருக்கே மாக் வைத்திருந்த கெட்டிக்காரர்களின் மாக், புதிய பதிப்பில் அழைக்கப்படுவதே இல்லை. அதேபோல 2.38 பதிப்பிலிருந்து, குனூ நீட்சிகளை இயக்கியிருந்தால், எழுத்தை எண்ணாக்கும் ‘ஸ்டர்-டு-எல்’ அழைப்பு சி23-க்கான வேறொரு உள்பெயருக்குப் போகிறது.

மாக் அழைக்கப்படாவிட்டால் டெஸ்ட் தோற்க வேண்டியதுதானே, ஏன் விழ வேண்டும்? மின்தூக்கியின் அமைப்புக் கோப்பைப் படிக்கும் பகுதியை எடுத்துக்கொள்வோம். மாக்கில் ‘கோப்பு 200 பைட்’ என்று எழுதிவைத்தோம். அழைப்பு அசல் ஸ்டாட்டுக்குப் போய்விட்டது. டெஸ்ட் ஓடும் கணினியில் அந்தக் கோப்பே இல்லை. அசல் தோல்வியைத் திருப்பித் தந்தது. நிரலோ அந்தத் தோல்வியைக் கவனிக்காமல், நிரப்பப்படாத அமைப்பிலிருந்து அளவை எடுத்து, அந்தக் குப்பை எண்ணை வைத்து நினைவகத்தைத் தொட்டது. இங்கே மாக்கும் பிழை, நிரலும் பிழை. டெஸ்ட் தற்செயலாக ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது.

பாதி மாக் வைப்பதும் இந்த வகைதான். எஃப்ஓப்பனுக்கு மாக் வைத்து 1234 என்ற எண்ணையே பாயிண்டராக மாற்றித் தருவார்கள். எஃப்குளோஸுக்கு மாக் வைக்க மறந்துவிடுவார்கள். அசல் எஃப்குளோஸ் 1234 என்ற முகவரியைத் திறந்து பார்க்கப் போய் விழும். ஒரு பொருளைப் பிறப்பிக்கும் ஃபங்ஷனுக்கு மாக் வைத்தால், அந்தப் பொருளைத் தொடும் எல்லா ஃபங்ஷனுக்கும் வைக்க வேண்டும்.

எந்தப் பெயர் அழைக்கப்படுகிறது என்று ஊகிக்கத் தேவையில்லை. ஆப்ஜெக்ட் கோப்பை ‘என்எம்’ கருவியில் கொடுத்தால், வரையறுக்கப்படாத பெயர்களுக்கு எதிரே ‘யூ’ என்று போட்டுக் காட்டும். நீங்கள் மாக் வைத்த பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அந்த மாக்குக்கு வேலையே வராது.

அறுபட்ட பாயிண்டர்

ஹெடரைச் சேர்க்காமல் ஒரு ஃபங்ஷனை அழைத்தால், பழைய சி விதிப்படி அது முழு எண் தருகிறது என்று கம்பைலர் தானாக எடுத்துக்கொள்ளும். இந்தச் சலுகையை 1999-இன் சி தரநிலையே நீக்கிவிட்டது. ஆனாலும் ஜிசிசி வெகுகாலம் எச்சரிக்கையோடு விட்டுவந்தது. 2024-இல் வந்த ஜிசிசி 14-தான் இதைப் பிழையாக்கியது.

எந்த மாடிகளில் நிற்க வேண்டும் என்ற பட்டியலுக்குப் பாயிண்டர் தரும் ஃபங்ஷன் நம்மிடம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். 64 பிட் கணினியில் பாயிண்டர் 64 பிட், முழு எண் 32 பிட். ஹெடர் இல்லாமல் அழைத்தவர், மாக் திருப்பித் தந்த முகவரியில் கீழ்ப்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். மேல் 32 பிட் அறுந்துபோகிறது. அந்தப் பாதி முகவரியைத் தொட்டதும் நிரல் விழுகிறது. ஜிடிபியில் மாக்கின் உள்ளே பார்த்தால் பாயிண்டர் சரியாக இருக்கும். வெளியே வந்து பார்த்தால் வேறு எண். பார்ப்பவருக்குப் பைத்தியம் பிடிக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், மின்தூக்கிப் பலகையில் இருப்பது 32 பிட் ஏஆர்எம் சில்லு என்றால் அங்கே பாயிண்டரும் முழு எண்ணும் ஒரே அளவு. பலகையில் ஒரு குறையும் தெரியாது. டெஸ்ட் ஓடும் மடிக்கணினியில் மட்டும் விழும். ‘பலகையில் நன்றாகத்தானே ஓடுகிறது, டெஸ்ட்டைத் தள்ளுங்கள்’ என்று மேலாளர் சொல்வதற்கு இதைவிட வாகான இடம் கிடையாது.

அளபுரு பொருந்தாமல் போவதும் இதன் உறவினர். ஒரு வெளியீட்டில் அசல் ஃபங்ஷனுக்கு மூன்றாவது அளபுரு சேர்ந்திருக்கும். மாக் இரண்டோடே நின்றிருக்கும். மாக் கோப்பில் அசலின் ஹெடரைச் சேர்த்திருந்தால் கம்பைலர் பிடித்துவிடும் என்பது பொதுவான அறிவுரை. லிங்கர் ‘ரேப்’ வழியில் அது பலிக்காது. அங்கே மாக்கின் பெயர் முன்னொட்டோடு இருப்பதால், ஹெடரில் அந்தப் பெயருக்கு அறிவிப்பே கிடையாது. ஒப்பிட எதுவும் இல்லாமல் கம்பைலர் சும்மா இருந்துவிடும். இதற்கு ஒரு சிறு உபாயம் உண்டு. மாக்கை எழுதும் முன், ‘எக்ஸ்டர்ன்’ என்ற சொல், அதன் பின் ‘டைப்ஆஃப்’ அடைப்புக்குள் அசல் ஃபங்ஷனின் பெயர், அதன் பின் முன்னொட்டு சேர்ந்த மாக்கின் பெயர் என்று ஒரு வரியை எழுதுங்கள். ‘அசலுக்கு என்ன வகையோ அதுவே மாக்குக்கும்’ என்று இதற்குப் பொருள். அசலின் அளபுரு மாறிய அன்றே மாக் கம்பைல் ஆகாமல் நின்றுவிடும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நேரமிருந்தால் அந்த ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடைப்புக்குள் ஒன்றும் எழுதாமல் அறிவித்த பழைய மாக்குகளுக்கும் இனி வழியில்லை. வெற்று அடைப்பு ‘எத்தனை அளபுருவும் வரலாம்’ என்று முன்பு பொருள்பட்டது. சி23-இல் அதற்கு ‘அளபுருவே இல்லை’ என்று பொருள். 2025-இல் வெளிவந்த ஜிசிசி 15 இயல்பாகவே சி23-ஐப் பின்பற்றுகிறது.

திரும்பி வரக்கூடாதவர் திரும்பி வந்தால்

இந்த வகையை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

மின்தூக்கி நிரலில் ‘அவசர நிறுத்தம்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. மோட்டாரை நிறுத்தி, பலகை மறுதொடக்கம் ஆகும் வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அது திரும்பி வராது என்பதைக் கம்பைலருக்குச் சொல்ல, ஹெடரில் ‘நோரிட்டர்ன்’ என்ற அடையாளம் இட்டிருக்கிறார்கள். எக்ஸிட், அபார்ட் ஆகியவற்றுக்கும் இதே அடையாளம் உண்டு. திரும்பி வராத இடத்துக்குப் பின்னால் நிரல் எதற்கு என்று, அழைப்புக்கு அப்பால் கம்பைலர் ஒன்றையும் எழுதாது. அழைத்த ஃபங்ஷனின் முடிவுரையைக்கூட எழுதாமல் விட்டுவிடும்.

இப்போது அவசர நிறுத்தத்துக்கு மாக் வைக்கிறோம். அது ‘என்னை அழைத்தார்கள்’ என்று ஓர் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுச் சாதுவாகத் திரும்பி வருகிறது. வந்து நிற்கும் இடத்தில் நிரல் இல்லை. செயலிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அடுத்து எந்தக் கட்டளை இருக்கிறதோ அதைச் செய்யும். அடுத்து இருப்பது கோப்பில் அடுத்ததாக எழுதப்பட்ட ஃபங்ஷன். அது ‘கதவைத் திற’ என்றால், யாரும் அழைக்காமலே கதவு திறக்கப்படும். அது முடிந்து திரும்பும்போது, திரும்ப வேண்டிய முகவரி என்று ஸ்டேக்கிலிருந்து (உள்மாறிகளும் திரும்பும் முகவரிகளும் இருக்கும் நினைவகப் பகுதியிலிருந்து) எடுப்பது முந்தைய ஃபங்ஷன் விட்டுச்சென்ற ஏதோ ஒன்று. அங்கே தாவி, விழும். ஜிடிபியின் பேக்டிரேஸில் (யார் யாரை அழைத்தார் என்ற பட்டியலில்) கேள்விக்குறிகள் மட்டுமே தெரியும், அல்லது அழைப்புக்கு வாய்ப்பே இல்லாத ஒரு ஃபங்ஷனின் பெயர் தெரியும். இந்த இரண்டில் ஒன்றைக் கண்டால், நோரிட்டர்ன் அடையாளம் உள்ள எதற்காவது மாக் வைத்தோமா என்று தேடுங்கள். உகப்பாக்கத்தை நிறுத்தினாலும் ஜிசிசியில் இது சரியாகாது.

டெஸ்ட்டில் செட்ஜம்ப் வைத்து இடத்தைக் குறித்துக்கொண்டு, மாக்கிலிருந்து லாங்ஜம்ப் செய்து நேராக அங்கே தாவி வெளியேறுவது சரியான தீர்வு. அசல் கொடுத்த ‘திரும்பி வரமாட்டேன்’ என்ற வாக்கு அப்போது காப்பாற்றப்படுகிறது.

யாருடைய நினைவகம்?

நினைவகம் சார்ந்த மீறல்கள் எண்ணிக்கையில் அதிகம், விளக்கத்தில் எளியவை.

1. மாக் தன் சொந்த உள்மாறியின் முகவரியைத் திருப்பித் தருவது. மாக் முடிந்ததும் அந்த இடம் ஸ்டேக்கில் வேறு எதற்கோ போய்விடும். டெஸ்ட்டில் உள்ள மாறியின் முகவரியைச் சிமாக்காவின் வரிசையில் போட்டுவிட்டு, அந்த மாறி மறைந்த பின் எடுத்துப் பயன்படுத்துவதும் இதுவே.

2. நிலையான ஒரு பஃபரை மாக் தர, சோதிக்கப்படும் நிரல் அதை ஃப்ரீ செய்வது, அதாவது விடுவிப்பது. ‘இன்வேலிட் பாயிண்டர்’ என்று ஜிலிப்சி சொல்லிவிட்டு நிரலை முடித்துவிடும். வெளியேறும் எண் 134 ஆக இருக்கும்.

3. அசல் ஃபங்ஷன் பாயிண்டர் வழியாக விடையை நிரப்பித் தரும். மாக் ‘வெற்றி’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிரப்பாமல் விடும். சிமாக் உருவாக்கும் மாக்குகளில், பாயிண்டர் வழியாக எதை நிரப்ப வேண்டும் என்று தனியே சொல்லாவிட்டால் இதுதான் நடக்கும்.

4. சிமாக்காவில் ஒரே மாக், திருப்பித் தரும் மதிப்பையும் நிரப்பும் மதிப்பையும் ஒரே வரிசையிலிருந்து எடுப்பது. டெஸ்ட்டில் வரிசை மாறிப்போனால் ‘5’ என்ற மாடி எண், பாயிண்டராக எடுத்துக்கொள்ளப்படும். முகவரி 5-ஐத் தொட்டு விழும்.

மாலாக்கைத் தொட்டால்

நினைவகம் தீர்ந்துபோனால் நிரல் என்ன செய்யும் என்று சோதிக்க, நினைவகம் ஒதுக்கித் தரும் மாலாக்குக்கு மாக் வைப்பது நியாயமான ஆசை. நான்காவது வழியிலோ, அதே பெயரில் சொந்தமாக எழுதியோ வைத்தால், உங்கள் நிரல் மட்டுமல்ல, சி நூலகமும் உங்கள் மாலாக்கைத்தான் அழைக்கும். மாக்குக்குள் ஒரு பிரிண்ட்எஃப் போட்டீர்களானால், அது தன் பஃபருக்காக மாலாக்கை அழைக்கும். மாக் மறுபடி பிரிண்ட்எஃபை அழைக்கும். லினக்ஸில் வழக்கமாகக் கிடைக்கும் 8 மெகாபைட் ஸ்டேக் கண் இமைக்கும் நேரத்தில் தீரும். பேக்டிரேஸில் ஒரே இரண்டு பெயர்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருந்தால் இதுதான். மாறும் நூலகமாக இணைக்கப்பட்ட ஜிலிப்சியின் உள் அழைப்புகளை ‘ரேப்’ தொடுவதில்லை என்பதால் மாலாக்குக்கு அதுவே உகந்த வழி.

முந்தைய டெஸ்ட்டின் எச்சம்

மாக்கின் உள்ளே ஒரு சரிபார்ப்பு தோற்றால், சிமாக்காவும் யூனிட்டி என்ற டெஸ்ட் நூலகமும் லாங்ஜம்ப் செய்து டெஸ்ட்டை விட்டு வெளியேறும். சோதிக்கப்பட்ட ஃபங்ஷன் அந்தரத்தில் நிற்கும்: எடுத்த பூட்டைத் திறந்திருக்காது, தன் உள்மாறியின் முகவரியை உலகளாவிய பாயிண்டரில் வைத்திருந்தால் அதை அழித்திருக்காது. அடுத்த டெஸ்ட் அந்தப் பாயிண்டரைத் தொட்டு விழும். விழுந்த டெஸ்ட்டை மட்டும் தனியே ஓட்டுங்கள். தனியே தேறினால் முந்தைய டெஸ்ட்டைப் பாருங்கள்.

விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கி

தேடும் வரிசை முக்கியம்.

1. வெளியேறும் எண்ணைப் பாருங்கள். 128-ஐக் கழித்தால், நிரலை நிறுத்திய சிக்னலின் (இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பின்) எண் வரும்: 139 என்றால் 11, தொடக்கூடாத நினைவகம், 134 என்றால் 6, நூலகமே நிறுத்தியது. சிமாக்கா 11-ஆம் சிக்னலைத் தானே பிடித்துக்கொண்டு, டெஸ்ட் தோற்றது என்று மட்டும் எழுதக்கூடும். விழுந்த கணத்தின் நினைவகப் பதிவான கோர் கோப்பும் கிடைக்காமல் போகும். அப்போது ஜிடிபிக்குள் ஓட்டினால் சிக்னல் வந்த கணத்திலேயே நிற்கும்.

2. எந்த முகவரியைத் தொட்டு விழுந்தது என்று பாருங்கள். சுழியம் அல்லது அதற்கு மிக அருகில் என்றால் வெற்றுப் பாயிண்டர். உங்கள் டெஸ்ட்டில் எழுதிய சிறு எண்ணே முகவரியாக இருந்தால் வரிசை மாறியது. மேல் 32 பிட்டும் முழுக்கச் சுழியமாகவோ முழுக்க ஒன்றாகவோ இருந்தால் அறுபட்ட பாயிண்டர். ஸ்டேக் முனைக்குப் பக்கத்தில் என்றால் முடிவில்லாத சுழற்சி. பலர் இந்த எண்ணைப் பார்க்காமலே பேக்டிரேஸுக்குத் தாவிவிடுகிறார்கள். பாதி விடை இங்கேயே இருக்கும்.

3. நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு மறுபடி கம்பைல் செய்து ஓட்டுங்கள். நினைவகப் பிரிவில் சொன்னவற்றில் முதல் இரண்டை அது பெரும்பாலும் பெயர் சொல்லிக் காட்டும். நிரப்பாமல் விட்ட மதிப்பைக் காண வால்கிரைண்ட் என்ற கருவி வேண்டும். அது அட்ரஸ் சானிடைசரின் வேலையல்ல. சொந்த மாலாக் எழுதி வைத்திருந்தால் சானிடைசரின் மாலாக்கோடு மோதும் என்பதை நினைவில் வையுங்கள்.

4. இவை எதுவும் பிடிபடாவிட்டால், மாக்கை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ‘ரியல்’ முன்னொட்டு வழியாக அசலையே அழைக்கும் வெற்று மாக்காக மாற்றிப் பாருங்கள். எதை மாற்றியதும் விழுவது நிற்கிறதோ, அதன் ஹெடரைத் திறந்து, அசல் என்னென்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள்.